‘ஊறுகாய்ப் பந்து’ ஆட இடம் தேடி அலைந்த கதை



நான் சென்னை ஆதம்பாக்கத்தில் வசிக்கும் இல்லத்தரசி. வயது 37. படித்தது பிளஸ் டூ. கணவருக்கு கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன், கூடவே மாமியார். இந்தப் பகுதியில் சகோதரிகள் பலரும் சமையல், குழந்தை வளர்ப்பு, மாமியார்-மருமகள் பிரச்னை என்று எழுதுகிறீர்கள். நான் எழுதப் போவது ஒரு விளையாட்டைப் பற்றி. ‘இந்த வயதில் என்ன விளையாட்டு?’ என்று சிரித்து விடாதீர்கள். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

2024 ஜனவரியில் எங்கள் தெருவில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். சும்மா போனவளுக்கு ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2 என்று வந்தது. “5.7க்கு மேலே போனாலே உஷாராகணும்மா. 6.5 ஆனா சர்க்கரை வியாதின்னு எழுதிடுவோம். நீங்க நடுவுல நிக்கிறீங்க. மாத்திரை வேண்டாம், உடம்பை அசைங்க” என்றார் டாக்டர் அம்மா. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. என் அம்மாவுக்குச் சர்க்கரையால் இரண்டு கால் விரல்களை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்தவள் நான்.

மறுநாளே வாக்கிங் ஆரம்பித்தேன். பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒன்றரை மாதத்தில் அலுத்துவிட்டது. ஒரு நாள் மழைத் தூறல், ஒரு நாள் பையனுக்குக் காய்ச்சல், ஒரு நாள் விருந்தாளி என்று சாக்குச் சொல்லி நிறுத்தியும் விட்டேன்.

அந்த மே மாதம், லீவுக்கு துரைப்பாக்கத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அவர்கள் குடியிருப்பில் நாலு பெண்கள் கையில் கட்டை மாதிரி ஒரு மட்டையை வைத்துக்கொண்டு, ஓட்டை ஓட்டையாக இருந்த பிளாஸ்டிக் பந்தை ‘டக், டக்’ என்று தட்டிக் கொண்டிருந்தார்கள். “அண்ணி, நீங்களும் வாங்க” என்று நாத்தனார் மட்டையைக் கையில் திணித்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரி. அரசு பெண்கள் பள்ளியில் படிக்கும்போது பூப்பந்து டீமில் இருந்தேன். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம். அன்று பி.டி. டீச்சரிடம் திருப்பிக் கொடுத்த மட்டையைப் பதினெட்டு வருஷமாக நான் தொடவில்லை. நாத்தனார் கொடுத்த மட்டையால் முதல் பந்தை அடித்தேன். சரியாக வலைக்கு மேலே போய் எதிர்ப் பக்கத்து மூலையில் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வியர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக் கொண்டேன்.

அதுதான் பிக்கிள்பால். வீட்டுக்கு வந்து சொன்னால் மாமியார், “ஏண்டி, ஊறுகாய் போடப் போறியா, பந்தாடப் போறியா?” என்று கேட்டார். பெயரைத் தவிர இதற்கும் ஊறுகாய்க்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துக்குப் பக்கத்தில் பெயின்பிரிட்ஜ் என்று ஒரு தீவு. அங்கே 1965-ல் ஜோயல் பிரிட்சர்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும், வீட்டில் பொழுது போகாமல் திண்டாடிய பிள்ளைகளுக்காக உண்டாக்கிய ஆட்டம் இது. பேட்மிண்டன் ஆட மட்டை, இறகுப்பந்து கிடைக்காமல், டேபிள் டென்னிஸ் மட்டையையும் ஓட்டைப் பந்தையும் வைத்து ஆடியிருக்கிறார்கள். படகுப் போட்டியில் மிச்சம் மீதி ஆட்களைச் சேர்த்து ஓட்டும் படகுக்கு ‘பிக்கிள் போட்’ என்று பெயராம். பல ஆட்டங்களின் கலவை என்பதால் அந்த வீட்டம்மா இதற்கு அந்தப் பெயரை வைத்தார் என்கிறார்கள். அவர்கள் வீட்டு நாயின் பெயர் அது என்றும் ஒரு கதை உண்டு.

ஆட்டம் ரொம்பச் சுலபம். பந்தை இடுப்புக்குக் கீழே இருந்து குறுக்காகப் போட வேண்டும். போட்ட பந்து அந்தப் பக்கம் ஒரு முறையும், திரும்பி வந்து இந்தப் பக்கம் ஒரு முறையும் தரையில் பட்ட பிறகே, அந்தரத்திலேயே அடிக்கலாம். பந்து போடும் பக்கத்துக்குத்தான் பாயின்ட். முதலில் 11 எடுத்தவர், இரண்டு பாயின்ட் வித்தியாசம் இருந்தால் ஜெயித்தவர். வலைக்கு இரண்டு பக்கமும் ஏழடிக்கு ஒரு கோடு உண்டு. அந்த இடத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? ‘கிச்சன்’! கிச்சனுக்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடித்தால் தப்பு. இதைக் கேட்டதும் எங்கள் எதிர் வீட்டு அக்கா, “கிச்சன்ல நிக்காதேன்னு சொல்ற விளையாட்டா? அப்போ நான் ரெடி” என்று முதல் ஆளாகச் சேர்ந்துவிட்டார்.

ஆட ஆள் சேர்ந்தாயிற்று. இடம்? அங்கேதான் பிரச்னையே.

முதலில் வாடகைக் கோர்ட்டுக்குப் போனோம். இப்போது வேளச்சேரி, ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். பக்கமெல்லாம் இது நிறைய வந்திருக்கிறது. செல்போனிலேயே நேரம் பிடித்துவிடலாம். நாங்கள் போன இடத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு 800 ரூபாய். நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 200, மட்டை வாடகை 50. வாரம் மூன்று நாள் என்றால் மாதம் 3,000 ரூபாய்! என் மகளின் டியூஷன் பீஸை விட அதிகம். அந்தப் பணத்தைக் கொடுக்கும்போது ஏதோ திருட்டுத்தனம் செய்வது போல மனசு உறுத்தியது.

இன்னொரு இடம் மொட்டை மாடியில். வாடகை குறைவு. ஆனால் மே மாத வெயிலில் காய்ந்த தளம், சாயங்காலம் ஆறு மணிக்கும் செருப்பைத் தாண்டிச் சுட்டது. கடல் காற்று அடித்தால் அந்த ஓட்டைப் பந்து நாம் அடித்த பக்கம் போகாமல் தன் இஷ்டத்துக்குப் போகும். பெண்களுக்கு டாய்லெட்டும் இல்லை.

மூன்றாவது இடத்தில்தான் விழுந்தேன். 2024 செப்டம்பர். முந்தின நாள் பெய்த மழை மூலையில் தேங்கியிருந்தது. “துடைச்சாச்சு மேடம்” என்றார் அங்கிருந்த பையன். தலைக்கு மேலே போன பந்தைப் பிடிக்க நான் பின்பக்கமாகவே ஓட, கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். ஆனாலும் மூன்று வாரம் கட்டு. அந்த மூன்று வாரமும் தோசைக்கல்லைக் கூட மாமியார்தான் தூக்கினார்.

“போதும்மா. காசும் போச்சு, கையும் போச்சு” என்றார் என்னவர். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் கூடப் பதில் பேசியிருப்பேன். நிஜமான கவலையோடு சொன்னார். என்னால் பேச முடியவில்லை.

கட்டுப் போட்ட கையோடு பால்கனியில் உட்கார்ந்திருந்தபோதுதான் கண்ணில் பட்டது. எங்கள் குடியிருப்புக்குள்ளேயே, தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் பேட்மிண்டன் கோர்ட். காலையில் ஆண்கள் ஆடுவார்கள். சாயங்காலம் பையன்கள். நடுவில்? ஒரு வாரம் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று குறித்து வைத்தேன். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை ஏழு நாளும் ஒரு ஈ, காக்கை இல்லை. டேங்க் கிழக்குப் பக்கம் இருப்பதால் பத்து மணி வரை கோர்ட்டில் நிழல் வேறு!

கை சரியானதும் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். என் டேப் ஐந்தடி. அகலம் சரியாக நாலு டேப், 20 அடி. நீளம் எட்டு டேப்பும் நாலடியும், 44 அடி. பிக்கிள்பால் கோர்ட்டும் அதே 20-க்கு 44 தான்! இது பிறந்ததே பேட்மிண்டன் கோர்ட்டில்தானே. வலையை மட்டும் இறக்க வேண்டும். பேட்மிண்டனுக்கு நடுவில் ஐந்தடி. இதற்கு நடுவில் 34 அங்குலம், ஓரத்தில் 36 அங்குலம். பேட்மிண்டனில் வலையிலிருந்து ஆறரை அடியில் ஒரு கோடு ஏற்கெனவே இருக்கிறது. நமக்கு ஏழடி வேண்டும், அரை அடி தள்ளி ஒரு கோடு. அவ்வளவுதான் வேலை.

சங்கத்துச் செயலாளரிடம் போனோம். “லேடீஸுக்கு எதுக்கும்மா கோர்ட்? வாக்கிங் போங்களேன்” என்றார். அப்புறம், “வேணும்னா காலைல அஞ்சு மணிக்கு ஆடிக்குங்க” என்றார். அஞ்சு மணிக்கு எங்கள் வீடுகளில் எல்லாம் அடுப்புப் பற்ற வைக்கிற நேரம். நாலு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டிய பெண்ணுக்கு அஞ்சு மணி கோர்ட் எதற்கு? மாதா மாதம் பராமரிப்புப் பணம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அதில் லேடீஸ் பங்கு, ஜென்ட்ஸ் பங்கு என்று தனித்தனியாக வாங்குவதில்லையே!

வாயால் சண்டை போடாமல் எழுதிக் கொடுத்தோம். திங்கள், புதன், வெள்ளி காலை 9 முதல் 10 மணி வரை. புதுக் கட்டுமானம் வேண்டாம். சங்கத்துக்கு ஒரு பைசா செலவு இல்லை. ஆடி முடித்ததும் வலையைப் பழைய உயரத்துக்குக் கட்டிவிடுவோம் என்று எழுதி, பதினோரு பெண்கள் கையெழுத்துப் போட்டோம். கூடவே என் பால் கணக்கு நோட்டுப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைத்தேன். டிசம்பர் கூட்டத்தில் அதைப் படித்தார்களாம். ‘சும்மா கிடக்கிற இடம்தானே’ என்று ஆண்களே சொல்லியிருக்கிறார்கள். 2025 பொங்கல் கழிந்த மறுவாரம் கோர்ட் எங்கள் கைக்கு வந்தது.

ஏழடிக் கோட்டை முதல் நாள் கோலமாவில்தான் போட்டோம். இரண்டு ஆட்டத்தில் அழிந்துவிட்டது. அப்புறம் ஒட்டும் டேப் வாங்கினோம். வலையை இறக்கியதும் அடியில் அரை அடி சந்து விழுந்து, பந்து அதன் வழியாக ஓடியது. எதிர் வீட்டு அக்கா ஒரு பழைய வாயில் புடவையைக் கொண்டுவந்து, மடித்து, சேஃப்டி பின் போட்டு அடியில் கட்டிவிட்டார். புடவை ஐந்தரை மீட்டர், அதாவது பதினெட்டு அடி. இருபதடி வலைக்கு இரண்டு பக்கமும் ஒரு அடிதான் குறைந்தது!

எல்லாம் நன்றாகப் போயிற்று என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது மாடியில் ஒரு பெரியவர் புகார் சொன்னார். அவர் மகனுக்கு ராத்திரி ஷிப்ட். விடியற்காலை வந்து படுக்கும் பையனுக்கு இந்த ‘டக் டக்’ சத்தம் தலையில் அடிப்பது போல இருக்கிறதாம். முதலில் எனக்கும் கோபம்தான். அந்தப் பையன் ஒரு நாள் சிவந்த கண்ணோடு பால்கனியில் வந்து நின்றதைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. சத்தம் குறைவாக வரும் ஃபோம் பந்து வாங்கினோம். அதில் ஆடுவது உப்பில்லாத உப்புமா சாப்பிடுவது மாதிரி. இருந்தாலும் திங்கள், புதன், வெள்ளி அந்தப் பந்துதான்.

நிஜப் பந்தில் ஆடும் ஆசை விடவில்லை. அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. நம் கோர்ட் சும்மா கிடப்பது போல, வாடகைக் கோர்ட்டும் பகல் பதினோரு மணிக்குச் சும்மாதானே கிடக்கும்? வேளச்சேரியில் கூரை போட்ட ஒரு கோர்ட்டுக்குப் போய் உரிமையாளரிடம் நேரிலேயே பேசினோம். “நாங்க எட்டுப் பேர். வாரம் ரெண்டு நாள், பத்தரையிலேருந்து பன்னெண்டு வரைக்கும். மாசா மாசம் முன்பணம்.” ஒரு தடவைக்கு 450 ரூபாய்க்குச் சம்மதித்தார். மாதம் எட்டு நாள், 3,600. ஆளுக்கு 450! நாலு பேர் ஆட, நாலு பேர் உட்கார, 11 பாயின்ட்டுக்கு ஒரு தடவை மாறிக் கொள்வோம். வெயில், மழை, பக்கத்து வீட்டுத் தூக்கம் எதுவும் குறுக்கே வராது. 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போக வரச் செலவும் இல்லை.

இடம் தேடும் சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

* முதலில் தரையைப் பாருங்கள். வழவழப்பான டைல்ஸ், ஈரம், மணல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சிமென்ட், ரப்பர் விரிப்பு, மரத் தரை நல்லது.

* கோட்டுக்கு வெளியேயும் நாலு பக்கமும் ஓடி நிற்க இடம் வேண்டும். பக்கத்திலேயே சுவரும் கம்பியும் இருந்தால் ஆபத்து.

* திறந்தவெளிக்கு 40 ஓட்டைப் பந்து, கூரைக்குள் ஆட 26 ஓட்டைப் பந்து. காற்றில் மாற்றி ஆடினால் பந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

* டாய்லெட், குடிதண்ணீர், பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். சாயங்காலம் என்றால் திரும்பி வரும் தெருவில் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள்.

* தலைக்கு மேலே போகும் பந்துக்குப் பின்பக்கமாக ஓடவே ஓடாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி ஓடுங்கள், இல்லை பாயின்ட்டை விட்டுவிடுங்கள். பாயின்ட் திரும்ப வரும், மணிக்கட்டு வராது.

* செருப்பு வேண்டாம், ஓட்டத்துக்கான உயரக் குதிகால் ஷூவும் வேண்டாம். தட்டையான ரப்பர் அடி ஷூ போதும். சுடிதாரில் தாராளமாக ஆடலாம். துப்பட்டாவை மட்டும் பையில் வைத்துவிடுங்கள்.

* எடுத்ததும் விலை கூடிய மட்டை வாங்காதீர்கள். ஒரு மாதம் வாடகை மட்டையில் ஆடிப் பார்த்து, பிடித்தால் வாங்குங்கள்.

* மூட்டு வலி, இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

2025 ஜூலையில் மறுபடியும் ரத்தப் பரிசோதனை செய்தேன். 5.8. “நல்லா இறங்கியிருக்கு. ஆனா கோட்டுக்கு மேலேதான் இருக்கீங்க. விடாதீங்க” என்றார் டாக்டர் அம்மா. விளையாட்டு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி சாதத்தை விட்டு, சாயங்கால மிக்சரையும் நிறுத்தினேன். ஆனால் வாக்கிங்கை ஒன்றரை மாதத்தில் விட்டவள், இதை விடவில்லை. அதுதான் வித்தியாசம். ‘இன்றைக்குப் போக வேண்டுமே’ என்று நினைத்துப் போவதற்கும், ‘எப்போது ஒன்பது மணி ஆகும்’ என்று காத்திருந்து போவதற்கும் எவ்வளவோ தூரம் இருக்கிறது.

சங்கத்தில் ஒரு வருஷத்துக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் கேட்டோம், வேலைக்குப் போகும் பெண்களும் வரலாமே என்று. இன்னும் கொடுக்கவில்லை. மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பால் கணக்கு நோட்டில் இந்த முறை சனிக்கிழமைகளைக் குறித்துக் கொண்டிருக்கிறேன்.

மாமியார் ஆடுவதில்லை. ஆனால் ஒன்பது மணிக்கு, “நேரமாச்சு, கிளம்பு. குக்கரை நான் பாத்துக்கறேன்” என்கிறார். திரும்பி வந்ததும் முதல் கேள்வி: “இன்னிக்கு யாரு கிச்சன்ல காலை வெச்சது?”

சகோதரிகளே, உங்கள் தெருவிலும், குடியிருப்பிலும், பக்கத்துப் பூங்காவிலும் ஒரு கோர்ட் சும்மா கிடக்கலாம். நமக்கு ஓய்வான நேரமும் அது சும்மா கிடக்கும் நேரமும் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பிக்கிள்பால் இல்லாவிட்டால் பூப்பந்து ஆடுங்கள், ரிங் ஆடுங்கள். பள்ளிக்கூடத்தோடு விட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று யார் சொன்னது?

- ஒரு வாசகி,
ஆதம்பாக்கம், சென்னை.